ஸ்ட்ராட்டஜி கேம் எத்தனை விற்கும், எவ்வளவு கைக்கு வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுகோணக் கட்டங்களில் படை நகர்த்தும் வார்கேம், நகரம் கட்டும் கேம், முறைவைத்து ஆடும் பேரரசு கேம் என்று சிறு வட்டத்துக்காக கேம் செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாம் பிசியில், ஸ்டீம் என்ற இணையக் கடையில் வெளிவரும் காசு கொடுத்து வாங்கும் கேம்களைப் பற்றியவை. இலவச கேம்களுக்கும் மொபைலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

ஒரு கேம் எத்தனை காப்பி வித்திருக்குன்னு ஸ்டீம்லயே பாக்க முடியாதா?

முடியாது. விற்பனை எண்ணிக்கை கேம் செய்தவருக்கும் பப்ளிஷருக்கும் மட்டுமே தெரியும். 2015இல் வந்த ஸ்டீம் ஸ்பை என்ற தளம், பயனர்களின் பொதுவில் தெரிந்த லைப்ரரிகளை மாதிரியாக எடுத்து மொத்தத்தைக் கணித்தது. 2018 ஏப்ரலில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் லைப்ரரிகளை இயல்பாகவே மறைத்துவிட்டது. அத்தோடு அந்த வழி பழுதானது. அதே வருடம் ஜூலையில், அச்சீவ்மெண்ட் (ஆட்டத்தில் எட்டும் சாதனை) சதவீதங்கள் பல தசம இடங்களோடு வெளியில் தெரிந்ததை வைத்துச் சிலர் துல்லியமான எண்ணிக்கையையே கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டையும் உடனே அடைக்கப்பட்டது.

இன்று மிச்சம் இருப்பவை மறைமுகத் தடயங்கள்தான்: ரிவ்யூ எண்ணிக்கை, ஃபாலோயர் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் விளையாடுபவர்களின் உச்சம், விலை வரலாறு. இவை தவிர, பப்ளிஷர்கள் எப்போதாவது வெளியிடும் அறிவிப்புகள்.

ரிவ்யூவை ஏதோ ஒரு எண்ணால பெருக்குறாங்களே, அது என்ன கணக்கு?

கேம் உருவாக்குநர் மைக் பாக்ஸ்லைட்டரின் பெயரால் வழங்கும் முறை அது. வாங்குபவர்களில் ஏறக்குறைய நிலையான ஒரு பங்கினர் ரிவ்யூ எழுதுகிறார்கள் என்பது அதன் அடிப்படை. முப்பது பேரில் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொண்டால் ரிவ்யூ எண்ணிக்கை × 30 = விற்ற காப்பிகள். கணக்கு அவ்வளவுதான், தகராறெல்லாம் அந்த 30இல்தான்.

ஒருத்தர் 30ங்கிறார், இன்னொருத்தர் 60ங்கிறார். எதை நம்புறது?

இருவரும் வேறு வேறு காலத்து கேம்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். 2019 இறுதியில் ஸ்டீமின் புது லைப்ரரி வந்தபோது, விளையாடியவரிடமே ரிவ்யூ எழுதச் சொல்லிக் கேட்கும் பெட்டியும் வந்தது. அதன்பின் எழுதுபவர்களின் விகிதம் கூடியது, பெருக்கு எண் இறங்கியது. 2016இல் வந்த கேமுக்கு 60 பொருத்தமாக இருக்கலாம். 2022இல் வந்ததற்கு அதையே போட்டால் விற்பனை இரட்டிப்பாகத் தெரியும்.

வேறு சில காரணங்களும் உண்டு. சிறிய கேமில் பெருக்கு எண் குறைவாக இருக்கும், ஏனெனில் வாங்குபவர்கள் அந்த வகையின் விசிறிகள். இருபது மணி நேரம் ஆடிவிட்டுப் பத்தி பத்தியாக எழுதுவார்கள். 75 சதவீதத் தள்ளுபடியில் வாங்கிப் போட்டவர்கள் பலர் கேமைத் திறப்பதே இல்லை, எனவே தள்ளுபடியில் நிறைய விற்ற பழைய கேமில் எண் கூடும். இன்னொரு பொறி: நவம்பர் கடைசியில் ஸ்டீம் விருதுகளுக்குப் பரிந்துரை செய்பவர்களுக்கான பேட்ஜில் ரிவ்யூ எழுதுவதும் ஒரு பணி. அந்த வாரம் ரிவ்யூ ஏறினால் விற்பனை ஏறியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டக்காரர்களைக் கோபப்படுத்திய அப்டேட்டுக்குப் பின் குவியும் எதிர்மறை ரிவ்யூக்களும் அப்படித்தான். அவை பழைய வாங்குநர்களுடையவை.

சரி, என் மாதிரி வார்கேமுக்கு எவ்வளவு போடலாம்?

2020க்குப் பின் வந்த, 20 டாலருக்கு மேல் விலையுள்ள, ஆயிரம் ரிவ்யூவுக்குள் இருக்கும் ஸ்ட்ராட்டஜி கேமுக்கு 30ஐ நடுவில் வைத்து, 20 கீழ் எல்லை, 45 மேல் எல்லை என்று மூன்று கணக்காகப் போடுங்கள். ஒரே எண்ணோடு நிறுத்திக்கொள்ளும் எந்த மதிப்பீட்டையும் நம்ப வேண்டாம், அது உங்களுடையதாகவே இருந்தாலும்.

இதைவிட நல்ல வழி, உங்களுக்கு உண்மை எண் தெரிந்த ஒரு கேமை வைத்து அளவு பிடிப்பது. உங்கள் முந்தைய கேம், நண்பரின் கேம், பப்ளிஷர் அறிவிப்பு விட்ட கேம், எது கிடைத்தாலும் சரி. அறிவிப்பு வந்த தேதியில் இருந்த ரிவ்யூ எண்ணிக்கையை எடுத்து வகுங்கள். இன்றைய எண்ணிக்கையால் அல்ல. அறிவிப்பில் ‘விற்றது’ என்று இருக்கிறதா, ‘விளையாடியவர்கள்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவதில், சந்தா கட்டிப் பல கேம்களை ஆடும் கேம் பாஸ் சந்தாதாரர்களும் சேர்ந்திருப்பார்கள்.

கேம் பக்கத்துல ரெண்டு மூணு ரிவ்யூ எண் தெரியுதே, எதை எடுக்கணும்?

கடைப்பக்கத்தில் மதிப்பெண்ணோடு தெரிவது ஸ்டீமில் வாங்கியவர்களின் ரிவ்யூ மட்டும். வெளியில் வாங்கிய கீயால் (கேமைத் திறக்கும் குறியீட்டால்) கேமைச் சேர்த்தவர்களின் ரிவ்யூ 2016 செப்டம்பரிலிருந்து மதிப்பெண்ணில் சேர்வதில்லை. ஸ்டீம் வருமானத்தைத்தான் கணிக்கிறீர்கள் என்றால், வாங்கிய விதம் என்ற வடிகட்டியில் ‘ஸ்டீமில் வாங்கியவர்’ என்பதையும், மொழியில் ‘எல்லா மொழிகளும்’ என்பதையும் தேர்ந்தெடுத்து வரும் எண்ணை எடுங்கள். ஆங்கில ரிவ்யூவை மட்டும் எண்ணிவிட்டு 30ஆல் பெருக்குவது வழக்கமாக நடக்கும் பிழை; சீன வாங்குநர்கள் அதிகமுள்ள கேமில் பாதி விற்பனை காணாமல் போகும்.

மொழி வடிகட்டியையும் வீணாக்காதீர்கள். எளிய சீனத்தில் எத்தனை, ரஷ்யனில் எத்தனை, ஜெர்மனில் எத்தனை என்று தனித்தனியே குறித்து வையுங்கள். வருமானக் கணக்கில் அது தேவைப்படும்.

காப்பி எண்ணிக்கையை விலையால பெருக்கினா வருமானம் வந்துடும்ல?

வராது. பெரும்பாலான மதிப்பீடுகள் உண்மையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகத் தெரிவது இந்த இடத்தில்தான். கற்பனையான ஒரு கேமை எடுத்துக்கொள்வோம்: வெளிவந்து ஒரு வருடம், விலை 29.99 டாலர், 640 ரிவ்யூ. 30ஆல் பெருக்கினால் 19,200 காப்பி.

முதலில் தள்ளுபடி. விலை வரலாற்றை, ஸ்டீம் தரவுகளைத் திரட்டும் ஸ்டீம்டிபி தளத்தில் பார்க்கலாம். கடைப்பக்கத்து ரிவ்யூ வரைபடம் எந்த மாதத்தில் எத்தனை ரிவ்யூ வந்தது என்று காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த விலையில் எவ்வளவு போனது என்று தோராயமாகப் பிடித்துவிடலாம். நம் கேமில் பாதி காப்பிகள் வெளியீட்டுத் தள்ளுபடி 10 சதவீதத்தில், 20 சதவீதம் முழு விலையில், 30 சதவீதம் அரை விலையில் போயிருந்தால் சராசரி, பட்டியல் விலையில் 0.80. ஒரு காப்பிக்கு 23.99 டாலர். அடுத்து நாட்டு விலை. கால்வாசி வாங்குநர்கள் சீனாவில், அங்கே விலை டாலர் விலையில் 55 சதவீதம், மற்ற நாடுகளின் சராசரி 91 சதவீதம் என்றால் மொத்தத்தில் 0.82, ஆகவே 19.67. பிறகு வரி. ஜெர்மனியில் காட்டும் விலைக்குள்ளேயே 19 சதவீத வாட் அடக்கம். அமெரிக்காவில் விற்பனை வரி விலைக்கு மேல் தனியாகச் சேரும், உங்கள் பணத்தைத் தொடாது. விற்பனையில் பாதி வாட் நாடுகளில் என்றால் 8 சதவீதம் போகும், 18.10. ரீஃபண்ட் 10 சதவீதம் என்றால் 16.29. கடைசியில் ஸ்டீம் பங்கு 30 சதவீதம் போக 11.40.

ஆக, 29.99 டாலர் என்று எழுதியிருக்கும் காப்பி ஒன்றிலிருந்து 11.40 டாலர் வருகிறது, பட்டியல் விலையில் 38 சதவீதம். 19,200 காப்பிக்கு 2,18,880 டாலர். பெருக்கு எண் 20 என்றால் 1,45,920. 45 என்றால் 3,28,320. வெறுமனே விலையால் பெருக்கியிருந்தால் 5,75,808 என்று வந்திருக்கும். வயதான கேமுக்கு 0.80 என்ற தள்ளுபடிக் கெழுவை அப்படியே விடாதீர்கள். நான்கைந்து வருடம் போன கேமின் வாழ்நாள் சராசரி பாதி விலைக்குக் கீழேயும் இறங்கும்.

ரீஃபண்டை ரெண்டு தடவ கழிச்சிடுறோமோ?

கழித்துவிடும் ஆபத்து உண்டு. உங்கள் பெருக்கு எண் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். ரீஃபண்ட் போன பிறகான விற்பனையை ரிவ்யூவால் வகுத்துக் கிடைத்த எண் என்றால், மேலே ரீஃபண்டுக்காக 10 சதவீதம் கழித்த படியை விட்டுவிட வேண்டும். மொத்த விற்பனையிலிருந்து வந்தது என்றால் கழிக்க வேண்டும். மேலே நாம் போட்டது இரண்டாவது வகை.

வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் ஸ்டீம் காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தரும். ஸ்ட்ராட்டஜி கேமில் பயிற்சிப் பகுதியே இரண்டு மணி நேரம் ஓடினால் ரீஃபண்ட் குறையும் என்று சிலர் மனக்கணக்குப் போடுகிறார்கள். நடப்பது வேறு: புரியாத பயிற்சிப் பகுதி 40வது நிமிடத்திலேயே ஆளை வெளியே அனுப்பிவிடும். உங்கள் கேமின் ரீஃபண்ட் 15 சதவீதத்தைத் தாண்டினால் விலையை நோண்டுவதற்கு முன் முதல் ஒரு மணி நேர ஆட்டத்தைப் பாருங்கள்.

ஸ்டீம் எப்பவும் 30 சதவீதம்தான் எடுக்குமா?

ஒரு கேமின் வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டும் வரை 30, அதற்கு மேல் 5 கோடி வரை 25, அதற்கும் மேல் 20. 2018இல் வந்த ஏற்பாடு இது. நம் வகை கேம்களுக்கு 30 என்றே போடுங்கள். ஒரு கேமைப் பதிவு செய்ய 100 டாலர் கட்டணம். வருமானம் 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும்.

என் கேம் இன்னும் வெளிய வரவே இல்ல. ரிவ்யூ இல்லாம எப்படிக் கணிக்கிறது?

விஷ்லிஸ்ட்டிலிருந்து, அதாவது பிறகு வாங்கலாம் என்று கேமைக் குறித்து வைத்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து. முதல் வாரத்தில் விற்கும் காப்பிகள், வெளியீட்டு நாளன்று இருந்த விஷ்லிஸ்ட்டில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை என்று போடுவது வழக்கம். எல்லாக் காப்பிகளும் விஷ்லிஸ்ட் வைத்தவர்களால் வாங்கப்பட்டவை அல்ல. இது வெறும் விகிதம்தான். 12,000 விஷ்லிஸ்ட் என்றால் முதல் வாரம் 1,200 முதல் 2,400 காப்பி. முதல் வருடம் முழுவதும் முதல் வாரத்தைப் போல் 3 முதல் 5 மடங்கு. ஆக வருடத்துக்கு 3,600 முதல் 12,000 காப்பி. மேலே வந்த 11.40ஆல் பெருக்கினால் 41,040 முதல் 1,36,800 டாலர். நடுவில் 7,200 காப்பி, 82,080 டாலர்.

எல்லை இவ்வளவு அகலமா என்று தோன்றும். அகலம்தான். செலவை 41,000 பக்கம் வைத்துத் திட்டமிடுங்கள். 1,36,000ஐ வைத்து ஆள் எடுக்காதீர்கள். விஷ்லிஸ்ட்டின் தரமும் முக்கியம். டெமோ ஆடிவிட்டு வைத்தவரும், பரிசுப் போட்டிக்காகப் பொத்தானை அமுக்கியவரும் ஒன்றல்ல. மூன்று வருடம் பழைய விஷ்லிஸ்ட்டும் சென்ற மாதம் வந்ததும் ஒன்றல்ல.

போட்டி கேமோட விஷ்லிஸ்ட் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

விஷ்லிஸ்ட் வெளியில் தெரியாது, ஃபாலோயர் எண்ணிக்கை தெரியும். ஒரு ஃபாலோயருக்குச் சுமார் 10 விஷ்லிஸ்ட், 7 முதல் 15 வரை என்று எடுத்துக்கொள்ளலாம். 1,100 ஃபாலோயர் என்றால் 7,700 முதல் 16,500. ஸ்ட்ராட்டஜி விசிறிகள் ஃபாலோ செய்யத் தயங்காதவர்கள் என்பதால் நாங்கள் கீழ்ப் பக்கத்தையே நம்புவோம். உங்கள் சொந்த கேமின் இரண்டு எண்களும் உங்களுக்குத் தெரியுமே, அதை வகுத்து வரும் விகிதம் இந்தப் பொது விதியைவிட நல்லது.

ஒரே நேரத்துல எத்தனை பேர் விளையாடுறாங்கங்கிற உச்சத்த வெச்சுக் கணிக்கலாமா?

சரிபார்க்க மட்டும். 2024 ஏப்ரலில் வந்த, நகரம் கட்டும் கேமான மேனர் லார்ட்ஸ் முதல் நாளிலேயே 10 லட்சம் காப்பி விற்றதாக அறிவித்தது. அந்த வார இறுதி உச்சம் சுமார் 1.73 லட்சம் பேர். ஆறு காப்பிக்கு ஒருவர் என்ற அளவு. அதற்கு 30 லட்சத்துக்கு மேல் விஷ்லிஸ்ட் இருந்தது. ஒரே நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விற்பது நம் உலகத்துக்கான விகிதம் அல்ல.

முறைவைத்து ஆடும் கேமில் ஒரு அமர்வே நான்கு மணி நேரம் ஓடும், எனவே குறைந்த விற்பனையிலும் உச்சம் பெரிதாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் முடியும் கேமில் நேர்மாறு. ஒரே வகை கேம்களுக்குள் ஒப்பிட்டால் பயன் உண்டு. ஆஃப்லைனில் ஆடுபவர்களும் வேறு கடையில் வாங்கி ஆடுபவர்களும் இதில் வரமாட்டார்கள்.

ஒப்பிட எந்த கேம்கள எடுக்கணும்? எல்லாரும் ஹிட்டான கேமையே காட்டுறாங்க.

அதுதான் இந்தத் தொழிலின் பெரிய தப்பு. நகரம் கட்டும் கேம் செய்பவர் மேனர் லார்ட்ஸைக் காட்டுவார். அதே வகையில் அதே வருடம் 40 ரிவ்யூவோடு நின்றுபோனவற்றைக் காட்டமாட்டார். ஸ்டீமில் உங்கள் வகையின் இரண்டு டேக்குகளை (வகைக் குறிச்சொற்களை) சேர்த்துத் தேடுங்கள். கடைசி மூன்று வருடத்தில் வந்தவை, உங்கள் விலையிலிருந்து 10 டாலர் முன்பின் இருப்பவை என்று சுருக்குங்கள். தேதி வரிசையில் வரும் முதல் இருபதையும், பெயர் தெரியாதவை உட்பட, எடுங்கள். ரிவ்யூ எண்ணிக்கையை ஏறுவரிசையில் எழுதினால் பத்தாவதும் பதினோராவதும் உங்கள் நடு மதிப்பீடு. ஐந்தாவது, நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டியது.

பெரும்பாலும் அந்த நடு எண் கண்ணைக் குத்தும். இருபதில் பாதி நூறு ரிவ்யூவைத் தாண்டாமல் இருப்பது சாதாரணம். பட்டியலைத் திருத்தி ‘இது தரமில்லாத கேம்’ என்று ஒவ்வொன்றாக நீக்கத் தோன்றும். வெளியாகும் முன் அவையும் தங்களைத் தரமானவை என்றே நினைத்தன.

ஏர்லி ஆக்சஸ் கேமுக்கு இதே கணக்கா?

முழுமையடையும் முன்பே விற்பனைக்கு வரும் ஏர்லி ஆக்சஸ் கேமுக்கும் ரிவ்யூப் பெருக்கு எண் அதேதான். முதல் வாரத்திலிருந்து முதல் வருடத்துக்குப் போகும் 3 முதல் 5 மடங்கு விதிதான் உடையும். முழு வெளியீட்டின்போது ஸ்டீம் விஷ்லிஸ்ட் வைத்தவர்களுக்கு மறுபடி மின்னஞ்சல் அனுப்பும், கேம் இரண்டாம் முறை அலை எழுப்பலாம். ஆனால் ஏர்லி ஆக்சஸில் 60 சதவீதம் நேர்மறை என்று தங்கிப்போன கேமுக்கு அந்த இரண்டாம் அலை வருவது அரிது. இரண்டு வெளியீட்டுக்கும் முழுத் தொகையைப் போட்டு இருமடங்கு காட்டும் விரிதாள்களைப் பார்த்தால் ஓரமாக வையுங்கள்.

டிஎல்சில வர்ற பணத்த எங்க சேர்க்கிறது?

கேமுக்கான கூடுதல் பகுதிகளாகத் தனியே விற்கும் டிஎல்சியைத் தனிக் கணக்காக வையுங்கள். வார்கேம்களில் அடிப்படை கேமைவிட டிஎல்சி வரிசை அதிகம் சம்பாதிப்பது உண்டு. ஒவ்வொரு போர்முனைக்கும் ஒரு டிஎல்சி என்று ஆண்டுக்கணக்கில் ஓடும். டிஎல்சிக்கு மிகக் குறைந்த பேரே ரிவ்யூ எழுதுகிறார்கள் என்பதால் அதன் ரிவ்யூவை 30ஆல் பெருக்கினால் பாதாளத்துக்குப் போகும். அதற்குப் பதில் அடிப்படை கேமை வாங்கியவர்களில் எத்தனை சதவீதம் என்று அனுமானம் வைத்து, அதையும் மூன்று எல்லையில் போடுங்கள். டிஎல்சியோடு வரும் அச்சீவ்மெண்ட்டை எத்தனை சதவீதத்தினர் எடுத்திருக்கிறார்கள் என்பது நல்ல கீழ் எல்லை.

ஸ்டீமுக்கு வெளிய விக்கிறது?

பொதுவாக ஸ்டீம் பெரும்பங்கு, மற்றவை சொற்பம். வார்கேம் மட்டும் விலக்கு. மேட்ரிக்ஸ் கேம்ஸ் போன்ற பப்ளிஷர் சொந்தக் கடை வைத்திருக்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் அங்கேயே வாங்குகிறார்கள். அவர்கள் ஸ்டீம் கீ வாங்கிச் சேர்த்தாலும், முன்பு சொன்னபடி, மதிப்பெண்ணோடு தெரியும் எண்ணில் வரமாட்டார்கள். அப்படிப்பட்ட கேமில் எல்லா ரிவ்யூவையும், ஸ்டீமில் வாங்கியவர் ரிவ்யூவையும் தனித்தனியே எடுத்து இடைவெளியைப் பாருங்கள். பல கேம்களைச் சேர்த்து மலிவாக விற்கும் பண்டிலில் போன கேமிலும் அந்த இடைவெளி பெரிதாகத் தெரியும், ஆனால் அங்கே ஒரு காப்பிக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

தமிழ்நாட்டிலிருந்து நானே வெளியிட்டா, அந்த 2,18,880 டாலரும் வந்துடுமா?

அதில் அமெரிக்க வாங்குநர்களிடமிருந்து வந்த பகுதிக்கு அங்கேயே வரி பிடிப்பார்கள். டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில், நிறுவனமென்றால் அதன் இ வடிவத்தில், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால் 15 சதவீதம், கோராவிட்டால் 30. அமெரிக்கப் பங்கு 30 சதவீதம் என்றால் 65,664 டாலரில் 15 சதவீதம், ஏறக்குறைய 9,850 டாலர். அங்கே பிடித்ததை இங்கே கட்டும் வருமான வரியில் ஈடு செய்ய வழி உண்டு. ஜிஎஸ்டியோடு சேர்த்து ஆடிட்டரிடம் விடுங்கள். ஒரு மாத விற்பனைக்கான பணம் அடுத்த மாத இறுதியில்தான் வரும் என்பதையும் சம்பளத் திட்டத்தில் வையுங்கள்.

பப்ளிஷர் இருந்தால் கணக்கு வேறு. 80,000 டாலர் முன்பணம் கொடுத்து, அதை முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தில் உங்களுக்கு 60 சதவீதம் என்று ஒப்பந்தம் என்றால், மிஞ்சும் 1,38,880இல் உங்களுக்கு 83,328. விளம்பரம், மொழிபெயர்ப்பு, சோதனைச் செலவுகளையும் முன்பணத்தோடு சேர்த்துப் பிடிக்க ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா, அதற்கு உச்சவரம்பு உண்டா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். 60 சதவீதம் என்பதைவிட ஒப்பந்தத்தின் அந்த ஒரு வாசகம் பெரிய பணம்.

விஷ்லிஸ்ட் கணக்கு ஒண்ணு சொல்லுது, ரிவ்யூ கணக்கு வேற சொல்லுது. இப்ப என்ன பண்றது?

வெளியான முதல் வாரத்துக்குள் இந்த நிலை வந்தால் உங்கள் கையில் உண்மை விற்பனை எண் இருக்கும், அதுவே தீர்ப்பு. 12,000 விஷ்லிஸ்ட் கேமுக்கு நடுவில் 1,800 காப்பியும் 60 ரிவ்யூவும் எதிர்பார்த்தோம். 1,800 விற்று 25 ரிவ்யூதான் என்றால் உங்கள் பெருக்கு எண் 72. வாங்கியவர்கள் இன்னும் ஆடவில்லை, அல்லது ஆடியும் சொல்ல ஒன்றுமில்லை. 700 விற்று 60 ரிவ்யூ என்றால் எண் 12க்கும் கீழே. விசிறிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள், வெளி வட்டம் வரவில்லை. இரண்டாவது நிலையில் 3 மடங்குக்கு மேல் வருட விற்பனை எதிர்பார்க்காதீர்கள்.

பிறர் கேமைக் கணிக்கும்போது முரண்பட்டால், வெளியாகிவிட்ட கேமுக்கு ரிவ்யூவை நம்புங்கள், வெளியாகாததற்கு ஒப்பீட்டுப் பட்டியலின் நடுவை நம்புங்கள். இரண்டு முடிவையும் கூட்டி இரண்டால் வகுப்பது மட்டும் வேண்டாம். தவறான கணக்கு எதுவோ அதன் பாதி உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.